வரித்தலை வாத்தைத் தேடி ஒரு நாள்

பறவை பார்ப்பது வேலையற்றோரின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. இப்பணிக்கு வந்த புதிதில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அதனால் விளைந்த தவறு ஒன்றைப் பின்னர்க் கூறுகிறேன். இப்போது சொல்ல வந்தது, சென்ற தை மாதத்தில் எங்கள் யூனியனைச் சேர்ந்த ஒரு பஞ்சாயத்தின் தலைவர், உறுப்பினர் நால்வர், விவசாயிகள் மூவர் ஆகியோருடன் கூந்தன்குளம் சென்று வந்த செய்தியாகும்.

சென்றதற்குக் காரணம் உண்டு. அப்பஞ்சாயத்துக் குளத்தின் உள்வாயில் நிற்கும் கருவேல மரங்களை மாசி மாதத்திலேயே ஏலம் விட்டு வெட்டுவதென்று ஒரு யோசனை எழுந்திருந்தது. ஜனவரி 26-ஆம் தேதி கிராம சபையில் அது முடிவாக வேண்டும். அம்மரங்களில் இரண்டு ஆண்டுகளாக மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டி வருகின்றன. "மரத்தை விற்றால் பஞ்சாயத்துக்குப் பணம் வரும். நாரை இருந்தால் நமக்கு என்ன வரும், ஐயா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கேள்வி நியாயமானதே. அலுவலகத்தில் அமர்ந்து விடை சொல்வதைவிடக் கண்ணால் காணச் செய்வது நன்று என்று எனக்குத் தோன்றிற்று.

கூந்தன்குளம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி தாலுகாவைச் சேர்ந்தது. மூலைக்கரைப்பட்டி வழியாகச் செல்ல வேண்டும். 1994-ஆம் ஆண்டில் அரசு இதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இது இடம் பெற்றது. ஆனால் அரசாணை வருவதற்கு வெகு காலம் முன்பே ஊரார் இப்பறவைகளைக் காத்து வந்தனர். தீபாவளியன்றும் இவ்வூரில் வெடி வெடிப்பதில்லை.

நாங்கள் தேடிச் சென்றது வரித்தலை வாத்து. நாரையும் கூழைக்கடாவும் நம் மாவட்டங்களில் பல குளங்களில் காணக்கூடியவை. இவ்வாத்து அப்படியன்று, பனிக்காலத்தில் ஒரு சில குளங்களுக்கே வரும். உடல் சாம்பல் நிறம், தலை வெண்மை. தலையின் பின்புறம் கண்ணுக்குக் கண் ஒரு கரும்பட்டை, அதன் கீழே பிடரியில் மற்றொன்று; இவ்விரு வரிகளே பெயருக்குக் காரணம். இதன் தாயகம் மங்கோலியா, திபெத்து முதலிய மத்திய ஆசியப் பகுதிகள். அங்குள்ள ஏரிகள் உறையும்போது இமயமலையைத் தாண்டித் தெற்கே வருகிறது. பறவையின் உடலில் கருவி பொருத்தி ஆராய்ந்தவர்கள், அது 7,000 மீட்டருக்கு மேலும் பறந்ததைக் கண்டிருக்கிறார்கள். அவ்வுயரத்தில் மூச்சுக்காற்று மிகவும் குறைவு. கிடைக்கும் காற்றைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் இதன் இரத்தத்திற்கு உண்டு. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட வாத்துகள் கர்நாடகக் குளங்களில் காணப்பட்டுள்ளன.

விடியுமுன் குளக்கரையை அடைந்தோம். பனி விலகியதும் கருவேல மரங்களின்மேல் கூழைக்கடாக்களும் நாரைகளும் தெரிந்தன. நீரில் நாமக்கோழிகளும் ஊசிவால் வாத்துகளும் நிறைய இருந்தன. வரித்தலை வாத்து ஒன்றுகூட இல்லை. ஒன்பது மணி வரை காத்திருந்தோம். எங்கள் தலைவர் முகத்தில் சலிப்புத் தெரிந்தது. அப்போது மடைப்பக்கம் வந்த முதியவர் ஒருவர், "இங்கே ஏன் நிற்கிறீர்கள், அண்ணாச்சி? அது இரவெல்லாம் மேய்ந்துவிட்டுப் பகலில் படுக்கிற சாதி. காடன்குளத்துப் புல் மேட்டில் பாருங்கள்" என்றார். காடன்குளம் இதே சரணாலயத்தின் மற்றொரு பகுதி.

அவர் சொன்னது மெய்யாயிற்று. நீர் வற்றி இறங்கிய சரிவில், பசும்புல்லின்மீது அவை கூட்டமாக அமர்ந்திருந்தன. ஒருவர் நாற்பத்தொன்று என எண்ணினார், மற்றவர் நாற்பத்து நான்கு என்றார். இருவர் எண்ணிக்கையையும் நாள், நேரத்துடன் குறித்துக்கொண்டோம். சரியாகத் தெரியாததைச் சரியென்று எழுதாதிருப்பதே கணக்கெடுப்பின் முதற்பாடம். தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில், பறவை நூல் அறியாத ஊர்மக்களும் கலந்துகொண்டு இவ்வாறே பயின்றிருக்கிறார்கள்.

வாத்துகள் ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தன என்று கேட்டேன். விவசாயி ஒருவரே விடை சொன்னார்: "மெதுவாகச் சரிகிற கரை, குறும்புல், நாலு பக்கமும் பார்வை, நாய் வந்தால் தெரியும்." இங்கேதான் நம் பஞ்சாயத்துகள் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. வண்டல் எடுக்கும்போது இயந்திரத்தை இறக்கிக் கிணறுபோல் செங்குத்தாகத் தோண்டிவிடுகிறோம். அத்தகைய பள்ளத்தில் நாரைக்குக் கால் எட்டாது, வாத்துக்குப் புல் இராது. மாடு இறங்கினால் ஏற முடியாது, குழந்தை விழுந்தால் எடுக்க முடியாது. அதே அளவு மண்ணைப் பரவலாகவும் சரிவாகவும் எடுத்தால் நீர்க்கொள்ளளவும் கூடும், பறவையும் தங்கும். உள்வாயில் சீமைக் கருவேல் அடர்ந்துவிட்டாலும் திறந்த புல்வெளி மறைந்து இவ்வாத்து இறங்குவதற்கு இடமின்றிப் போகும். ஆகவே, அரிய பறவை ஒன்று வந்து இறங்கிற்றென்றால், அக்குளத்தின் கரையும் உள்வாயும் ஓரளவு செம்மையாக உள்ளன என்று கொள்ளலாம்.

வாத்து பயிரை மேயாதா என்றும் ஒருவர் கேட்டார். இளம்பயிரைக் கடிப்பது உண்டு, அதை மறைப்பதற்கில்லை. நாரை மீனைத் தின்னும் என்பதால் மீன் குத்தகைதாரர் மனம் நோவதும் உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான பறவைகளின் எச்சம் தழைச்சத்தும் மணிச்சத்தும் உடைய எரு. அது நீரில் கரைந்து மடை வழியே வயலுக்குச் செல்கிறது. வண்டலில் படிந்து அடுத்த ஆண்டு வண்டியில் செல்கிறது. வேடந்தாங்கல் மக்கள் இதை அறிந்தே பறவைகளைச் சுட விடாமல் தடுத்தனர். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய காவல் உரிமையை ஒப்புக்கொண்டார்.

நிற்க. என் தவறு இது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு யூனியனில், குளத்து மரங்களை மாசி மாதத்தில் வெட்ட அனுமதித்துக் கையெழுத்திட்டேன். கோப்பில் மரங்களின் எண்ணிக்கை இருந்தது; கூடுகளின் எண்ணிக்கை இல்லை. நான் நேரில் போய்ப் பார்க்கவும் இல்லை. மரங்கள் சாய்ந்தபோது சிறகு முளைக்காத குஞ்சுகள் சேற்றில் விழுந்தன. பள்ளிச் சிறுவர்கள் சிலவற்றைக் கூடையில் எடுத்து வந்து அலுவலக வாசலில் வைத்தார்கள். ஒன்றும் பிழைக்கவில்லை. நான் அவ்விடத்தில் பணியாற்றிய மீதிக் காலத்தில் அக்குளத்திற்கு நாரைகள் திரும்பவே இல்லை. கூட்டைக் கலைப்பதும் முட்டையை அழிப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அதன் பிறகே படித்தறிந்தேன். கரையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டபோது இதை நண்பர்களிடம் சொன்னேன். யாரும் ஒன்றும் பேசவில்லை.

நாரைகள் தை, மாசியில் கூடு கட்டத் தொடங்கினால், குஞ்சுகள் பறந்து செல்லக் கோடை முடிந்துவிடும். ஆடியில் குளம் பெரும்பாலும் வறண்டிருக்கும். வண்டி உள்ளே செல்லவும் எளிது. ஏலத்தை அப்போது வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு தொகுதி மரங்களை மட்டும் விட்டுவைத்தால் பஞ்சாயத்துக்கு வருமானம் குறைவதும் சிறிதே. திரும்பும் வழியில் தலைவரிடம் இதைச் சொன்னேன். "சபையில் நீங்களே சொல்லுங்கள்" என்றார். "நான் சொன்னால் அதிகாரி சொன்னதாகும், நீங்கள் சொல்லுங்கள்" என்றேன்.

26-ஆம் தேதி சபையில் விவாதம் நீண்டது. தெருக்குழாய்ப் பணிக்கு இப்போதே பணம் வேண்டும் என்று இருவர் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் தெருவில் குழாய் இல்லை என்பதும் உண்மையே. முடிவில் ஏலம் ஆடி மாதத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது; கூடுள்ள இருபத்திரண்டு மரங்கள் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. குழாய்ப் பணிக்கு யூனியன் பொது நிதியிலிருந்து தொகை ஒதுக்கும் கோரிக்கை இப்போது என் மேஜையில் இருக்கிறது.