வெட்சி மஞ்சளிப்பது ஏன்?

வீட்டு முற்றத்தில் சிறிதளவு மண் உள்ள அங்கத்தினர் பலரும் விரும்பி வளர்ப்பது வெட்சிச் செடி. இட்லிப் பூ என்றால் குழந்தைகளும் அறிவர். ஆநிரை கவரச் செல்லும் வீரர் சூடிய மலர் இதுவே. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, ஆண்டு முழுவதும் பசுமை மாறாது அடர்ந்து நின்று, கொத்துக் கொத்தாய்ப் பூப்பது.

இத்தகைய செடி பல இல்லங்களில் இலை வெளிறி, பூவின்றி நலிவதைக் காண்கிறோம். பசியால் வாடுகிறதென எண்ணி மேலும் மேலும் உரமிடுகிறோம். காசு செலவாகிறதேயன்றிச் செடி தேறுவதில்லை. பெரும்பாலும் குறை உரத்தில் இல்லை; மண்ணின் காரத்தில் உள்ளது.

குறையை அறிதல்

முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு எனக் கொள்ளலாம். இளந்தளிர்கள் மஞ்சளித்து நரம்புகள் மட்டும் பச்சையாய் நின்றால், அது இரும்புச் சத்துக் குறைவு. இலையின் பச்சையம் உருவாக இரும்பு இன்றியமையாதது. மண்ணில் இரும்பு இருப்பினும், காரம் மிகுந்த இடத்தில் அது நீரில் கரையாது, வேருக்கும் எட்டாது.

காரம் வரும் வழி

சுக்கான் மண்ணில் காரம் இயல்பாகவே மிகுந்திருக்கும். அம்மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். சுவரினின்று உதிரும் சுண்ணாம்பும், அடுப்புச் சாம்பலும், உவர்க் கிணற்று நீரும் காரத்தைப் பெருக்குவன.

நெசவாளர் இல்லங்களில் இன்னொரு வழியும் உண்டு. நூலுக்குச் சாயமேற்றச் சோடா உப்பையோ காஸ்டிக் சோடாவையோ சேர்க்கிறோம். சில சாயங்களுக்குக் கறியுப்பும் மிகுதியாக வேண்டும். அக்கழிநீரைக் கொல்லையில் ஊற்றினால் மண் காரமேறும். உப்பால் வேர் கருகும். அவ்வாறு ஊற்றிய இடத்தில் வெட்சி வெளிறினால், செடியோடு கவலையை நிறுத்தலாகாது. அதே நீர் மண்ணுள் இறங்கி, நாம் குடிக்கும் கிணற்றையும் சென்று சேரக்கூடும். சாயநீரைக் கொல்லையில் விடும் வழக்கத்தை நாம் அறவே கைவிடல் வேண்டும்.

பரிகாரம்

சாயமிடுவோர் அறிந்த அன்னபேதியே இங்கு மருந்து. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் எலுமிச்சை உப்பும் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைகளில் தெளிக்க வேண்டும். கரைசலை அவ்வப்போது புதிதாகவே தயாரிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாட்களுக்கொருமுறை, புதுத்தளிர் பச்சையாக வரும்வரை தெளிக்கலாம். பாவு நூலின் அருகில் தெளிக்கலாகாது. இரும்புக் கறை எளிதில் போகாது.

இது உடனடிப் பரிகாரமே. நிலையான பரிகாரம் மண்ணைத் திருத்துவது. தொழு உரமும் மக்கிய இலையும் நிறைய இடுக. இயன்றபோது மழைநீர் பாய்ச்சுக. சுக்கான் மண்ணாயின், செம்மண்ணும் இலைமக்கும் கலந்த தொட்டியில் வளர்ப்பதே நலம்.

புதிதாக நடுவோர்க்கு

நல்ல வெயில் படும் இடத்தில், சுண்ணாம்புச் சுவருக்கு இரண்டடி தள்ளி, ஒன்றரை அடி ஆழக் குழியெடுத்துச் செம்மண்ணும் மக்கிய எருவும் சமமாக நிரப்புக. மழைக்காலத்தில், ஓரளவு முற்றிய கிளைகளை அரையடி நீளத்தில் வெட்டி ஈரமணலில் நட்டு நிழலில் வைத்தால், சுமார் இரண்டு மாதங்களில் வேர்விடும். வேலியாக அமைக்க இரண்டடி இடைவெளி போதும்.

கிளை நுனியில்தான் பூங்கொத்து தோன்றும். ஆதலின் அடிக்கடி கத்தரித்தால் மொட்டுகள் அழியும். ஒரு பூப்பு முடிந்தபின் சிறிதளவு கத்தரித்தால் போதும்.

அங்கத்தினர்கள் இன்றே தத்தம் வெட்சியின் தளிரைப் பார்ப்பார்களாக. உரம் வாங்குமுன் மண்ணை அறிவது, செடிக்கும் நன்று, கைப்பொருளுக்கும் நன்று.