முதலில் முகமூடி, கடைசியில் துப்பாக்கி

அன்புள்ள முகிலன்,

உன் கடிதம் கிடைத்தது. தோக்கியோ வந்து இறங்கியதும் ஏர்சாஃப்ட் விளையாட வேண்டும், எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறாய். கண்ணுக்கு என்ன போடுவது என்று ஒரு வரிகூட இல்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். உன் அம்மா என் அக்காவாயிற்றே, அவளிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவள் சம்மதித்ததே நான் கீழே எழுதியிருப்பதை நீ கேட்டு நடப்பாய் என்ற நம்பிக்கையில்தான்.

இந்த ஊரில் நிஜத் துப்பாக்கி சாதாரண ஆட்களுக்குக் கிடைப்பது மிகவும் அரிது. அந்த ஏக்கத்தில் பிறந்ததுதான் இந்த விளையாட்டு. 1991-இல் தோக்கியோ மருய் என்ற பொம்மை நிறுவனம் ஃபாமாஸ் என்ற பிரெஞ்சுத் துப்பாக்கியின் நகலை மின்மோட்டார் வைத்துக் கொண்டுவந்தது. இன்றைய மின்துப்பாக்கிகளுக்கெல்லாம் அதுதான் மூத்தது. உள்ளே வெடிமருந்து எதுவும் கிடையாது. மோட்டார் பல்சக்கரங்களைச் சுழற்றும், அவை பிஸ்டனைப் பின்னால் இழுத்து விடும், ஸ்பிரிங் அதை முன்னே தள்ளும். அந்தக் காற்று 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டை வெளியே துப்பும்.

ஜப்பானியச் சட்டத்தில் 2006-இல் இதற்கு ஓர் உச்சவரம்பு வந்தது. 6 மில்லிமீட்டர் குண்டுக்கு 0.98 ஜூல்தான் எல்லை. 0.2 கிராம் குண்டு என்றால் நொடிக்குச் சுமார் 99 மீட்டர் வேகம். அதற்கு மேல் போகும் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றிப் பார்க்கும் புத்திசாலித்தனமெல்லாம் வேண்டாம். களத்தில் வேகமானியில் சுடச் சொல்லித்தான் உள்ளே விடுவார்கள்.

நொடிக்கு 99 மீட்டர் என்பது தோலுக்குச் சுள்ளென்ற வலி. கண்ணுக்கு அப்படியில்லை, பார்வையே போய்விடும். மூக்குக்கண்ணாடி பாதுகாப்பு ஆகாது, வெயில் கண்ணாடியும் ஆகாது. முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டும் காகிள்ஸ் வேண்டும், வாயையும் மறைக்கும் முகமூடி வேண்டும். முன்பல் உடைந்து வீடு திரும்பியவர்கள் உண்டு. கம்பிவலைக் காகிள்ஸில் ஆவி படியாது என்று சிலர் புகழ்வார்கள். ஆனால் உடைந்த குண்டின் துணுக்கு வலைக்குள் புகுந்துவிடும், ஆகவே உனக்கு அது வேண்டாம். ஆவி படிந்து எதுவும் தெரியவில்லையா? கையை உயர்த்திக்கொண்டு பாதுகாப்புப் பகுதிக்கு நடந்துபோய்த் துடை. களத்துக்குள் ஒரு நொடிகூடக் கழற்றாதே.

பாதுகாப்புப் பகுதிக்குள் நுழையுமுன் மகசீனைக் கழற்று. அதோடு முடிந்ததென்று நினைக்காதே. உள்ளே ஒரு குண்டு தங்கியிருக்கும். குறிப்பிட்ட இடத்தில் வெறுமனே சுட்டு அதையும் வெளியேற்று, பூட்டைப் போடு. மறைவிலிருந்து கையை மட்டும் நீட்டிப் பார்க்காமல் சுடுவது பெரும்பாலான களங்களில் தடை. எதிரே யார் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்று தெரியாதல்லவா?

பெயின்ட்பாலில் சாயம் காட்டிக்கொடுக்கும். இங்கே அடிபட்டதற்குத் தடயமே கிடையாது. குண்டு பட்டவன் தானே 'ஹிட்!' என்று கத்தி, கையைத் தூக்கி வெளியேற வேண்டும். பட்டும் படாததுபோல் ஓடுகிறவனை இங்கே 'ஜோம்பி' என்பார்கள். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டினால் போகாது. பட்டதா இல்லையா என்று உனக்கே சந்தேகமா? பட்டது என்றே வைத்துக்கொள். எதிரி பொய் சொல்கிறான் என்று தோன்றினால் அவனோடு சண்டைக்குப் போகாதே, நடுவரிடம் சொல். என்னைக் கேட்டால், குறி பார்ப்பதைவிட இதைப் பழகுவதுதான் கடினம்.

இங்கே களங்கள் பெரும்பாலும் பக்கத்துச் சிபா மாகாணத்தில், இன்சாய், யாச்சிமாதா பக்கம். துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். முதலில் அதுவே போதும். முகமூடி மட்டும் சொந்தமாக இருக்கட்டும். ரயிலில் துப்பாக்கியை மூடிய பைக்குள்தான் கொண்டுபோக வேண்டும். வெளியே எடுத்தால் பார்க்கிறவருக்கு அது நிஜம்தான், போலீஸ் வந்துவிடும். ஊருக்கு எடுத்துவரும் ஆசையும் வேண்டாம். வழியில் சிங்கப்பூர் இருக்கிறது. அனுமதியில்லாமல் இதை அங்கே வைத்திருந்தால் ஆயுதக் குற்றம்.

சொந்தத் துப்பாக்கி வந்தபின் பராமரிப்பு. குழலுக்குள் ஹாப்-அப் என்று ஒரு சின்ன ரப்பர் முட்டு இருக்கிறது. குண்டைப் பின்னோக்கிச் சுழல வைத்துத் தொலைவு பறக்கச் செய்வது அதுதான். தையல் இயந்திர எண்ணெய் அந்த ரப்பரைக் கெடுக்கும். சிலிக்கான் எண்ணெய் மட்டும், அதுவும் ஒரு பொட்டு. விளையாடிய பிறகு துணி சுற்றிய கோலால் குழலைத் துடை, ஹாப்-அப்பைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பு, மகசீன் இல்லாமல், ஒவ்வொன்றாகச் சுடும் செமி நிலையில் ஒருமுறை சுட்டு ஸ்பிரிங்கைத் தளர்த்தி வை. தரையில் விழுந்த குண்டைப் பொறுக்கித் திரும்பப் போடாதே. ஒட்டியிருக்கும் மண் குழலைக் கீறிவிடும். திறந்தவெளிக் களங்களில் மக்கும் குண்டுதான் கேட்பார்கள்.

துப்பாக்கியின் லிப்போ பேட்டரியிடம் மட்டும் பயம் இருக்கட்டும். அதற்கென்று உள்ள சார்ஜரில், தீப்பிடிக்காத பைக்குள் வைத்து, நீ விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் செய். உப்பிய பேட்டரியை மறுபடி தொடாதே.

காகிள்ஸை உன் மூக்குக்கண்ணாடிக்கு மேல் போடும்படி வாங்க வேண்டும். கண்ணாடியின் அகலத்தை அளந்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
மாமா