நினைவகச் சோதனையும் அமைப்புக் கோப்பும்

கணிப்பொறியின் உறுப்புக்களைச் சோதித்தற்கென எழுதப்பட்ட செய்நிரல்கள் பல உள. அவற்றுள் கள அலுவலகங்களுக்கும் பள்ளிக் கணிப்பொறி அறைகளுக்கும் மிகுதியும் வேண்டப்படுவது நினைவகச் சோதனையே. நினைவகத்தின் ஓரிடத்தில் ஒரேயொரு பிட் பிறழ்ந்தாலும் 41 என்ற மதிப்பெண் 45 ஆக மாறிவிடக்கூடும். 1 என்னும் எழுத்துருவிற்கும் 5 என்னும் எழுத்துருவிற்கும் இடையே கணிப்பொறி காணும் வேறுபாடு அவ்வொரு பிட் மட்டுமே. திரையில் யாதொரு எச்சரிக்கையும் தோன்றாது.

இத்துறையில் நெடுநாளாக வழங்கிவருவது மெம்டெஸ்ட்86 என்னும் செய்நிரல். இதனை 1994-ஆம் ஆண்டில் கிறிஸ் பிராடி என்பார் எழுதினார். 2013 முதல் பாஸ்மார்க் நிறுவனத்தார் பேணி வருகின்றனர். இது விண்டோஸ் முதலியவற்றின் துணையின்றிப் பென் டிரைவிலிருந்தே இயங்கத் தொடங்கும். நினைவகத்தில் ஓர் எண்ணை எழுதி, மீளப் படித்து, இரண்டையும் ஒப்பிடும். வேறுபாடு காணின் அவ்விடம் பழுதுற்றது என்று அறிவிக்கும்.

எத்தனை சுற்றுக்கள் ஓடவேண்டும், எந்த முகவரி முதல் எந்த முகவரி வரை சோதிக்க வேண்டும் என்பனவற்றை முன்கூட்டியே எழுதிவைக்கும் சிறு கோப்பே அமைப்புக் கோப்பு. இச்செய்நிரலில் அதன் பெயர் எம்டி86.சிஎஃப்ஜி. பல பொறிகளை ஒரே முறையில் சோதிப்போர்க்கு இது பெருந்துணை. ஆனால் இதில் நேரும் பிழை, சோதனையை நிறுத்திவிடுவதில்லை. சோதனை இனிதே நடந்து, "பழுதில்லை" என்று முடிந்துவிடுகின்றது. இடர் இங்கேதான் உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 8 ஜிபி நினைவகமுள்ள ஒரு பொறியின் கீழ்ப்பாதியை முதல் நாளும் மேற்பாதியை மறுநாளும் சோதிக்க ஒருவர் எண்ணுகிறார். மேல் எல்லை 4 ஜிபி ஆகும். பதினாறடி எண்முறையில் அது 1-ஐ அடுத்து எட்டுச் சுழியங்கள்: 100000000. பதினாறடி எண் என்று உணர்த்துதற்கு அதன் முன்னே சுழியும் எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்தும் இடல் வேண்டும். அவற்றை இட மறந்தால் செய்நிரல் அதனைப் பதின்ம எண்ணாகவே, அதாவது பத்துக் கோடி பைட்டுக்களாகவே, கொள்ளும். அது ஏறத்தாழ 95 எம்பி. மொத்த நினைவகத்தில் எண்பதில் ஒரு பங்கினும் குறைவு. முன்னொட்டை இட்டும் ஒரு சுழியம் குறைந்துவிட்டால் எல்லை 256 எம்பி ஆகிவிடும். இரண்டும் இலக்கண வழுவற்ற எண்களாதலின் செய்நிரல் குறைகூற வழியில்லை. சோதனை வியக்கத்தக்க விரைவில் முடிவதே கவனிக்கத்தக்க அறிகுறி. விரைவைக் கண்டு மகிழ்வோரே மிகுதி என்பது வேறு செய்தி.

4 ஜிபி பொறிக்கென எழுதிய கோப்பை 16 ஜிபி பொறிக்குப் படியெடுத்து வைப்பதும் இத்தகையதே. காற்பங்கு மட்டும் சோதிக்கப்படும். பழுது எஞ்சிய முக்காற்பங்கில் இருப்பின், பொறி நற்சான்றுடன் திரும்பிவந்து, முன்போலவே பட்டியல்களைக் கெடுக்கும். அதன்பின் வட்டின்மீதும் தட்டச்சு செய்தவர்மீதும் பழி விழும்.

கோப்பு படிக்கப்படாமலேயே போவதும் உண்டு. விண்டோஸ் பெயரின் பின்னொட்டை மறைத்துக் காட்டுவதால், நோட்பேடில் எழுதிய கோப்பின் இறுதியில் டிஎக்ஸ்டி என்ற எழுத்துக்கள் சேர்ந்திருப்பது கண்ணுக்குப் படுவதில்லை. கோப்பு உரிய அடைவில் இல்லாமலும் இருக்கலாம். கட்டணமில்லாப் பதிப்போ அமைப்புக் கோப்பை ஏற்பதே இல்லை. இந்நிலைகளில் செய்நிரல் தன் இயல்பான மதிப்புக்களைக் கொண்டு ஓடும்; சோதிப்பவரோ தாம் எழுதியவாறே நடந்ததாக நம்பியிருப்பார்.

கோப்பு படிக்கப்பட்டதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. இயல்பான சுற்றுக்கள் நான்கு. கோப்பில் இரண்டு என எழுதித் தொடங்குக. திரையில் இரண்டு எனக் காணின் கோப்பு படிக்கப்பட்டது. நான்கே எனின் கோப்பு கவனிக்கப்படவில்லை. இது தெளிந்த பின்னர் வேண்டிய எண்ணிக்கைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முடிவில் எழுதப்படும் அறிக்கையில் சோதிக்கப்பட்ட முகவரி எல்லை குறிக்கப்பட்டிருக்கும். "பழுதில்லை" என்ற சொல்லைப் படிக்குமுன் அவ்வரியைப் படித்து, பொறியிலுள்ள நினைவக அளவோடு ஒப்பிடுதல் வேண்டும். அறிக்கையோடு, அன்று பயன்பட்ட அமைப்புக் கோப்பின் படியொன்றையும் பொறியின் எண்ணிட்டுச் சேர்த்து வைப்பின், பின்னர் ஐயம் எழும்போது எது சோதிக்கப்பட்டது என்பதனை வேறொருவரும் காண இயலும்.