டபுள் மார்க்கரா, என்.ஐ.பி.டி.யா, அம்னியோவா?

பொள்ளாச்சியிலிருந்தும் கோபியிலிருந்தும் கோவைக்கு ஸ்கேன் எடுக்க வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: "இருக்கறதுலயே நல்ல டெஸ்ட் எதுங்க?" விலை கூடியதுதான் நல்லது என்ற கணக்கு பட்டுப்புடவைக்குச் சரிப்படலாம். இங்கே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, நமக்கு என்ன பயம் என்பதுதான்.

டவுன் சிண்ட்ரோம் பற்றிய பயம் என்றால், 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைக்குள், குழந்தையின் பிடரித் தோலடி நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் சேர்த்து எடுப்பது பெரும்பாலோருக்குப் போதுமானது. பாதிப்புள்ள 100 குழந்தைகளில் 85 முதல் 90 வரை இதில் பிடிபடும். ரிப்போர்ட்டில் 1:180 என்று வந்ததும் வீடே அழுகிறது. அதே நிலையில் உள்ள 180 பேரில் 179 பேருக்கு அந்தக் குறை இருக்காது என்பதுதான் அதன் பொருள். படிவத்தில் எழுதும் எடை, சர்க்கரை, வயது எல்லாம் கணக்கில் சேரும். ஆதாரில் இருப்பது பள்ளியில் சேர்க்கப் போட்ட பிறந்த தேதியாக இருந்தால், உண்மையான தேதியைச் சொல்லிவிடுங்கள்.

என்.ஐ.பி.டி. 10 வாரத்துக்குப் பிறகு எடுப்பது. தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ.வைப் பார்க்கிறது. டவுன் சிண்ட்ரோமில் 99 சதவீதம் பிடித்துவிடும். ஆனால் 25 வயதுப் பெண்ணுக்குப் பாசிட்டிவ் வந்தால் அதில் ஏறக்குறைய பாதி தவறாக இருக்கலாம். 40 வயதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உண்மையாக இருக்கும். எனவே இதை மட்டும் வைத்துக் கருவைக் கலைக்கும் முடிவுக்குப் போகக் கூடாது. இதயக் குறையும் முதுகுத்தண்டுக் குறையும் இதில் தெரியாது. வயது 35ஐத் தாண்டியவர்களும், டபுள் மார்க்கரில் நடுத்தர ரிஸ்க் வந்தவர்களும் இதற்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. என்.டி. அளவே 3.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் இதில் காசைக் கரைக்காமல் நேராக ஊசிக்குப் போவதே நல்லது.

ஊசி என்பது 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவை எடுக்கும் சி.வி.எஸ்., அல்லது 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரை எடுக்கும் அம்னியோ. உறுதியான பதில் தருவது இவை இரண்டுதான். இதனால் கரு கலையும் வாய்ப்பு, தேர்ந்த கையில், 200இல் ஒன்றுக்கும் குறைவு.

நம் பக்கம் அதிகம் பேச வேண்டியது வேறொன்று. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள்தான். அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டியவர்கள் என்.ஐ.பி.டி. நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே பழுதான மரபணு ஒளிந்திருந்து வரும் நோய்களை மேலே சொன்ன ரத்தப் பரிசோதனைகள் தேடுவதே இல்லை. அம்னியோ செய்தாலும், எதைத் தேட வேண்டும் என்று தெரியாவிட்டால் குரோமோசோம் நார்மல் என்றுதான் வரும். இருவரும் அப்படிப்பட்ட மரபணுவைச் சுமப்பவர்களானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு அந்த நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. வீட்டில் முன்பே ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அந்தக் குழந்தையின் ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு, அடுத்தது தங்குவதற்கு முன்பே மரபணு மருத்துவரைப் பாருங்கள். தலசீமியாவுக்கும் அரிவாள் செல் சோகைக்கும் கணவன், மனைவி இருவருக்கும் ஹீமோகுளோபின் வகையைப் பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். நீலகிரிப் பழங்குடியினருக்கு இது இன்னும் முக்கியம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஐந்தாம் மாத ஸ்கேனை விடக் கூடாது. இதயம், மூளை, முதுகுத்தண்டு, சிறுநீரகம் பற்றிக் கேட்க அதுதான் இடம். அரசு மருத்துவமனையில் கட்டணமும் இல்லை. பாலினத்தை மட்டும் கேட்காதீர்கள்: 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தண்டனை உண்டு. இந்த ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். "ஆடி கழியட்டும்" என்று தள்ள வேண்டாம். குறை தெரிந்து அம்னியோ செய்தால் முழு ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். 24 வாரத்தைத் தாண்டிவிட்டால், 2021 திருத்தச் சட்டப்படி, குறை கடுமையானதா என்று மருத்துவக் குழு பார்த்து அனுமதித்தால்தான் கலைக்க முடியும்.