மறுப்புக் கடிதத்தை வரிவரியாக வாசித்தவர்

லண்டன் ஹரோவில் வசிக்கும் அந்த இளைஞர் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவியை அழைப்பதற்கு விண்ணப்பித்தது 2024 ஏப்ரலுக்கு முன்னர். மறுப்புக் கடிதம் வந்தபோது விதி மாறிவிட்டிருந்தது. துணைவரை அழைப்பவருக்கு 2012 ஜூலை 9 முதல் ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் போதும் என்றிருந்தது. 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 பவுண். களஞ்சிய வேலையில் அவருடைய சம்பளம் இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவே நின்றது.

“விடு, திரும்பப் போடு” என்றார்கள் நண்பர்கள். பலருக்கு அது நல்ல யோசனைதான். தேவையான ஆவணமே விண்ணப்ப நாளில் இல்லாதவர்கள், சம்பளம் பிறகு கூடியவர்கள் புதிதாக விண்ணப்பித்தால் மேல்முறையீட்டுக்கு முன்பே விசா பெற்றுவிடக்கூடும். மறுக்கப்பட்டால் மருத்துவச் சேவைக்காகக் கட்டிய பணம் திரும்பி வரும், விண்ணப்பக் கட்டணம் வராது. ஆனால் இவர் மறுபடி போட்டால் 29,000 பவுண் காட்ட வேண்டும். வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண் ஆறு மாதம் கணக்கில் கிடக்க வேண்டும். பழைய விண்ணப்பத்தை உயிரோடு வைத்திருக்க மேல்முறையீட்டைத் தவிர அவருக்கு வழி இருக்கவில்லை.

உறவினர் ஒருவர் மூலம் அறிமுகமான தமிழ்ச் சட்டத்தரணி சொன்ன முதல் வார்த்தை: “தம்பி, கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. இந்தக் கடிதத்தை வரிவரியா வாசிச்சு, ஒவ்வொரு காரணத்துக்கும் நேரே உங்களிட்ட என்ன ஆதாரம் இருக்கெண்டு எழுதிக்கொண்டு வாங்கோ.”

“சரி அக்கா” என்று வீட்டுக்கு வந்தவர் அன்றிரவே கடிதத்தைப் பிரித்துப் போட்டார். நீண்ட கடிதத்தில் காரணங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, வேலைத்தலம் கொடுத்த கடிதத்தில் வேலை நிரந்தரமானதா, இந்தச் சம்பளம் எப்போதிருந்து கிடைக்கிறது என்ற விவரம் இல்லை. மற்றது, உறவு உண்மையானது என்று அதிகாரிக்குத் திருப்தி இல்லை. மீதி எல்லாம் விதிகளின் எண்கள். அந்த எண்களைக் கண்டு மிரண்டு, உண்மையான காரணத்தைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் பலர்.

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவர் முடிவு கைக்குக் கிடைத்து 28 நாட்களுக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆவணங்களை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கேட்டால் 80 பவுண், நேரடி விசாரணைக்கு 140 பவுண். 2016 அக்டோபரில் இது முறையே 490, 800 என்று ஏற்றப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததால் அடுத்த மாதமே கைவிடப்பட்டது. உறவின் மீது சந்தேகம் எழுப்பப்பட்டிருந்தால் 60 பவுணை மிச்சம் பிடிக்கவே கூடாது. கணவர் வாய்திறந்து பேசுவதை நீதிபதி பார்க்க வேண்டும்.

2015 ஏப்ரலுக்குப் பிறகு இத்தகைய வழக்குகள் மனித உரிமை அடிப்படையிலேயே நடக்கின்றன. குடும்ப வாழ்வுக்கான உரிமையைச் சொல்லும் ஐரோப்பிய உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரைதான் வாதத்தின் மையம். அதற்காக வருமான ஆவணங்களை ஒதுக்கிவிட முடியாது. குடிவரவு விதிகள் நிறைவேறியிருப்பதைக் காட்டிவிட்டால் அதுவே விண்ணப்பதாரருக்குப் பெரும் பலம் என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் தெளிவாக்கியது. முடிவுக்குப் பிறகு கிடைத்த ஆதாரத்தையும் தீர்ப்பாயம் பார்க்கலாம். ஆகவே வேலைத்தலத்திடம் முழு விவரத்துடன் புதிய கடிதம் வாங்கியதும் முதல் காரணம் ஏறக்குறைய விழுந்துவிட்டது.

இரண்டாவதில்தான் உழைப்பு தேவைப்பட்டது. சூடான் தொடர்பான ஒரு வழக்கில் மேல் தீர்ப்பாயம் 2012இல் சொன்னது இன்றும் உதவுகிறது: தம்பதியர் பேசிக்கொண்டார்கள் என்பதற்குத் தொலைபேசி அட்டைகள்கூடத் துணை ஆதாரமாகலாம், பேசுகிறவர்கள் கடிதமோ குறுஞ்செய்தியோ அனுப்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவரோ ஆயிரக்கணக்கான வாட்ஸ்அப் பக்கங்களை அச்சிடப் போனார். சட்டத்தரணி தடுத்து, மாதத்துக்குச் சில பக்கங்கள், அழைப்புப் பட்டியல், விமானச் சீட்டு, மனைவிக்கு அனுப்பிய பணத்தின் ரசீதுகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, பக்க எண்ணிட்டு, தமிழில் இருந்தவற்றுக்கு மொழிபெயர்ப்பும் இணைக்கச் சொன்னார். குவித்துக் கொடுத்தால் நல்ல ஆதாரம் அடியில் போய்விடும்.

எங்கள் கலியாண முறை நீதிபதிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாதகம் பொருந்திய பிறகே இருவரும் பேசத் தொடங்கியது, சம்பந்தம் பேசியது மாமி, பதிவு ஒரு நாளிலும் தாலிகட்டு சில மாதம் கழித்தும் நடந்தது — இவை நம்மவருக்கு விளக்கம் தேவைப்படாத விஷயங்கள். படிவத்தில் பதிவுத் தேதியும் குடும்பத்தார் கொடுத்த கடிதத்தில் தாலிகட்டுத் தேதியும் இருந்ததை அதிகாரி முரண்பாடு என்று எழுதியிருந்தார். கணவர், மனைவி, மாமி மூவரும் தனித்தனியே வாக்குமூலம் எழுதி இதைத் தெளிவுபடுத்தினார்கள். ஒரே வாசகத்தை மூவரும் நகலெடுத்திருந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம் கொடுத்திருக்கும்.

விசாரணைக்கு மனைவி வர முடியாது. வெளிநாட்டிலிருந்து காணொளியில் சாட்சி சொல்வதற்கு அந்த நாட்டு அரசின் ஆட்சேபம் இருக்கக்கூடாது என்பது 2021இல் மேல் தீர்ப்பாயம் வலியுறுத்திய விஷயம். அதனால் பாரம் முழுவதும் இங்கிருப்பவர் தலையில். உள்துறை அமைச்சின் பிரதிநிதி குறுக்குக் கேள்வி கேட்பார். தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே இலவசமாக ஏற்பாடு செய்யும், முன்கூட்டியே கேட்டால் போதும். ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பதற்காக அதை மறுப்பது தேவையில்லாத ஆபத்து. இவர் தமிழிலேயே பதில் சொன்னார். நினைவில்லாத தேதியை நினைவில்லை என்றார்.

பணம் செலவாகும் இடம் ஆலோசனைதான். இத்தகைய வழக்குகளுக்கு இங்கிலாந்தில் 2013 ஏப்ரலிலிருந்து பொதுவாக அரச சட்ட உதவி இல்லை. அந்த இடைவெளியில்தான் கடைத்தெரு ஏஜென்ட்டுகள் நுழைகிறார்கள். சட்டத்தரணியாகவோ, 2025 முதல் குடிவரவு ஆலோசனை ஆணையம் எனப்படும் அமைப்பில் பதிவு பெற்றவராகவோ இல்லாமல் இந்த ஆலோசனையைத் தொழிலாகச் செய்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கச் சில நிமிடம் போதும்.

தீர்ப்புச் சாதகமாக வந்தது. அதனால் விசா உடனே கைக்கு வந்துவிடவில்லை. அமைச்சு எதிர்த்து மேல்முறையீடு கேட்பதற்கான காலம் கழிய வேண்டும். ஆறு மாதமே செல்லுபடியாகும் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் காலாவதியாகி, மனைவி கொழும்புக்குப் போய் மறுபடி எடுக்க நேர்ந்தது. கிடைத்த விசாவும் 33 மாதத்துக்கு மட்டுமே. நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்து ஆண்டு ஆக வேண்டும், நடுவில் ஒரு நீட்டிப்பு உண்டு. 2024 ஏப்ரல் 11க்கு முன் விண்ணப்பித்ததால் அவர்களுக்கு அப்போதும் 18,600 பவுண்தான் அளவு. நீட்டிப்பின்போது இங்கு வேலை செய்யும் மனைவியின் சம்பளமும் கணக்கில் சேரும் என்பதால், இருவரும் சம்பளச் சிட்டைகளையும் வங்கிக் கூற்றுகளையும் மாதாமாதம் ஒரே கோப்பில் போட்டு வருகிறார்கள்.