குறிஞ்சிப்பாட்டின் பூக்களைத் தேடி

பத்துப்பாட்டினுள் எட்டாவதாக வைக்கப்பெற்ற குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளை உடையது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டுக் கபிலர் இதனைப் பாடினார் என்பர். இதன்கண் தலைவியும் தோழியரும் அருவியாடிச் சுனை குடைந்து, பின்னர்த் தாம் பறித்த மலர்களை மழைநீர் கழுவிய பாறையொன்றன்மேற் குவிக்கின்றனர். அம்மலர்கள் 99 என எண்ணப்படும். தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் இப்பெயர்களை உருவிட்டு ஒப்பித்தல் வழக்கம். யாமும் முதலாண்டில் அதனைச் செய்தோம். செய்து முடித்தபின் எழுந்த ஐயமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ஐயம் இது: அப்பாறையின்மேல் மலைக்குரிய குறிஞ்சியும் காந்தளும் கிடக்கின்றன, கடற்கரை மணலிற் படரும் அடும்பும், நெய்தலும் தாழையும் கிடக்கின்றன, முல்லையும் மருதமும் பாலையும் அங்கேயே உள்ளன. எனவே ஐந்திணைக்கும் பெயர் தந்த ஐந்து பூக்களும் ஓரிடத்தே கூடிவிட்டன. இவற்றுட் சில கோடையில் மலர்வன. சில மழையில் மலர்வன. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. உந்தூழ் என்பதற்கு உரையாசிரியர் பெருமூங்கிற் பூ என்று பொருள் கூறினர். அதுவோ பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூத்து மடிவது. இவ்வனைத்தையும் ஒரு மலைச்சாரலில் ஒரு பகலிற் பறிக்க இயலுமோ?

ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்து வந்து மயங்குதலும் உண்டு என்று இலக்கணம் விடை கூறும். அவ்விடை தேர்வுக்குப் போதும். எனினும், கபிலர் ஒரு மலையை நோக்கி இதனைப் பாடவில்லை, தமிழ்நிலம் முழுவதையும் ஆண்டு முழுவதும் நோக்கியவராய்ப் பாடினார் என்று கொள்வதே எமக்கு இனிதாகத் தோன்றிற்று. அங்ஙனமாயின் அப்பட்டியலே ஒரு வழிநடைக் குறிப்பாகும். எப்பூவை எங்கே எப்பொழுது காணலாம் என்று தேடிச் செல்வார்க்கு உதவும். ஆகவே விடுமுறைதோறும் நண்பர் நால்வர் ஒருங்கு கூடிப் புறப்பட்டோம்.

புறப்படுமுன் அறியவேண்டியது மழையின் இயல்பு. ஆனி முதற் புரட்டாசி வரை வீசும் தென்மேற்குக் காற்று மலைத்தொடரின் மேற்குச் சரிவை நனைக்கின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை வரும் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையை நனைக்கின்றது. இடைப்பட்ட சமவெளி இரண்டிலும் சிறிது சிறிதே பெறும். மலைக்கு ஒரு பருவமும் கடற்கரைக்கு வேறொரு பருவமும் பூக்காலமாய் அமைவதற்கு இதுவே காரணம். முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் இணைத்து வைத்த தொல்காப்பியத்தின் நுட்பம் வண்டிச் சன்னலோரத்தில் அமர்ந்தபொழுதுதான் எமக்கு நன்கு விளங்கிற்று.

முதற்கண் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடியையும் கோடியக்கரையையும் அடைந்தோம். அடும்பினைத் தேட வேண்டுவதே இல்லை; மணல்மேடெங்கும் அதுவே. மான்குளம்பு போற் பிளவுண்ட இலை. குதிரையின் கழுத்துமணி போன்ற பூ என்று குறுந்தொகைப் புலவர் ஒருவர் கூறியதனைப் பூவைக் கவிழ்த்துப் பிடித்துப் பார்த்தவர் மறுக்கமாட்டார். காலையில் விரிந்த அச்செந்நீலப் பூக்கள் வெயிலேற வாடிச் சுருங்கின. யாம் முழந்தாளிட்டு இதழ்களை நோக்கிக்கொண்டிருக்கக் கண்ட மூதாட்டி ஒருவர், "இதைப் பார்க்கவா தம்பி இம்புட்டுத் தூரம் வந்தீங்க? அடப்பங்கொடிதானே!" என்று நகைத்தார். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய பெயர் அம்மூதாட்டியின் நாவிற் சிறிதே திரிந்து வழங்குவது கேட்டு மகிழ்ந்தோம். நெய்தலோ உவர்நீரில் வாழ்வதன்று. மணல்மேட்டுக்குப் பின்புறத்தே மழைநீர் தேங்கிய நன்னீர்க் குட்டையில் நீல ஆம்பல் இனத்ததாய் அதனைக் கண்டோம். நெய்தல் நிலம் என்பது அலைவாய் மட்டுமன்று, அதன் பின்னுள்ள கழியும் குட்டையும் கூடியதே என்பது இதனாற் புலனாயிற்று.

தரங்கம்பாடியைக் குறித்து ஒன்று கூறாமற் செல்லல் தகாது. 1776 இல் அங்கு வந்த ரோட்லர் என்னும் குருவானவர் தமிழ் அகராதி தொகுத்தவர் என்பதனை யாவரும் அறிவர். அவரே செடிநூல் வல்லுநருமாவார். தரங்கம்பாடியினின்று சென்னைக்குச் சென்று மீண்ட வழியில் அவர் கண்ட செடிகளைப் பற்றிய குறிப்புக்கள் 1803 இல் செருமானிய நாட்டில் அச்சாயின. சொல்லையும் செடியையும் ஒரு கையே திரட்டியது எம்போன்ற மாணவர்க்குப் பெரிதும் ஊக்கம் தருவது. சொல்லை மட்டும் திரட்டும் இக்காலப் படிப்பு அதனினும் எளிது. ஆனால் அதனிற் குறைந்தது.

இனிக் கொன்றை. இதுவே எம்மை மிகவும் அலைத்த மரம். இலக்கியத்திற் கொன்றை கார்காலத்துக்கு உரியது; முல்லைத்திணைத் தலைவி அது பூத்தமை கண்டு, தலைவன் வருவதாகக் கூறிய பருவம் வந்துவிட்டதென்று கலங்குவாள். கார் என்பது ஆவணியும் புரட்டாசியும் ஆம். ஆயின் மதுரைச் சாலைகளிற் கொன்றை பொன்மாலையாய்த் தொங்குவது சித்திரை, வைகாசித் திங்கள்களில். மலையாள நாட்டினரோ சித்திரைத் தொடக்கத்தில் வரும் விஷுவன்று கொன்றைப்பூவைக் கண்டு விழிக்கின்றனர். இம்முரண்பாட்டுக்கு விடையைக் குறுந்தொகையே தருகின்றது போலும். அதன் 66 ஆம் பாட்டில் தோழி, பருவமல்லாப் பருவத்துப் பெய்த மழையைக் கார் என்று பிறழ உணர்ந்து கொன்றை பூத்துவிட்டது, அது அறிவற்ற மரம், என்று கூறித் தலைவியைத் தேற்றுவாள். இதனைத் தலைவியை ஆற்றுவிக்கக் கூறிய பொய் என்றே படித்து வந்தோம். கோடைமழை ஒன்று பெய்த மறுவாரம் சாலையோரக் கொன்றைகள் இலையுதிர்ந்து பூவே உருவாய் நின்றதைக் கண்டபின், தோழியின் சொல்லில் மரத்தின் இயல்பும் அடங்கியுள்ளது என்று எண்ணலாயினோம். மழைக்காலத்தில் இரண்டாம் முறை சிறிதளவு பூக்கும் கொன்றைகளும் உண்டு. ஆகவே காரில் பூத்த கொன்றையும் பொய்யன்று. காருக்கு முன்னே பூத்த கொன்றையும் பொய்யன்று. தலைவியின் கலக்கம் இந்த ஈரடியிலிருந்தே பிறக்கின்றது.

பாலை எது என்பதிலும் பருவமே துணைசெய்தது. ஏழிலைப்பாலை என்பார் ஒருசாரார். வெட்பாலை என்பார் மற்றொரு சாரார். ஏழிலைப்பாலை மழைக்காலம் கழியும் தறுவாயில் மணப்பது. வெட்பாலை வேனிலில், சுற்றியுள்ளன எல்லாம் கருகி நிற்கையில், வெண்பூ விரிப்பது. பாலைத்திணைக்கு வேனில் உரியதாகலின் எம் வாக்கு வெட்பாலைக்கே. மருதத்தைப் பற்றி மிகுதியாகக் கூறுதற்கில்லை. ஆற்றங்கரையில் வழுவழுத்த வெளிய பட்டையோடு ஓங்கி நிற்கும் அம்மரத்தின் பூ மிகச் சிறியது, கழுத்து நோவ அண்ணாந்தாலன்றிப் புலப்படாது.

காந்தளை இப்பொழுது கழனியிற் காணலாம் என்றால் நம்புவீரோ? ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதிகளில் உழவர் அதனைக் கம்பிப் பந்தலிற் படரவிட்டுப் பயிர்செய்கின்றனர். அதன் விதையினின்று எடுக்கும் கால்கிசின் மூட்டுவாத நோய்க்கு மருந்தாகி அயல்நாடு செல்கின்றது. காலையிற் பெண்கள் வரிசையாய் நின்று பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைக்கின்றனர். வண்டின் தொழிலைக் கைவிரல் செய்கின்றது. காந்தளை மகளிர் விரலுக்கு ஒப்பிட்ட புலவர் இதனைக் கண்டிருப்பின் என்ன பாடியிருப்பரோ! பசுமஞ்சளாய் அரும்பி, நாள்செல்லச் செந்நிறமேறி, இதழ்கள் மேல்நோக்கி வளைந்து தீச்சுடர் போல நிற்கும் அப்பூவினைக் கார்த்திகையில் வேலியோரங்களிலும் காணலாம். ஆனால் கிழங்குக்காக அகழ்ந்தெடுக்கப்பட்டமையால் வேலிக்காந்தள் அரிதாகிவிட்டது.

இறுதியாகக் கொடைக்கானல் மலை ஏறினோம். நீலக்குறிஞ்சி ஏறத்தாழ 1300 மீட்டருக்கு மேற்பட்ட புல்வெளிச் சரிவுகளில் வளரும் குறுஞ்செடி. 12 ஆம் ஆண்டில் ஒரு தலைமுறைச் செடிகள் எல்லாம் ஆவணி முதல் ஐப்பசி வரை ஒருங்கே பூத்து, விதை சிந்தி, மடிந்துவிடும். விதை தின்னும் உயிர்கள் தின்று தீர்க்கவியலாத அளவு ஒரே காலத்தில் விதைப்பதே இவ்வொழுங்கின் பயன் என்பர் அறிஞர். குறிஞ்சி இனங்கள் பல. அவற்றுள் ஆண்டுதோறும் பூப்பனவும் உள. இடையாண்டுகளிற் "குறிஞ்சி பூத்தது" என்று வரும் செய்திகள் பெரும்பாலும் அவற்றைக் குறித்தனவே. கொடைக்கானலிலும் மூணாற்றிலும் நீலக்குறிஞ்சி பெருவாரியாகப் பூத்த ஆண்டுகள் 2006, 2018. பின்னதில் ஆகஸ்டுத் திங்கட் பெருமழை மூணாற்றுப் பூக்காலத்தைப் பெரிதும் சிதைத்தது. அடுத்தது 2030 இல் எதிர்பார்க்கப்படுகின்றது.

எனவே யாம் பூவைக் காணச் செல்லவில்லை. பூக்கப்போகும் இடத்தைக் காணவே சென்றோம். அவ்விடம் குறைந்துவருகின்றது. புல்வெளியாயிருந்த சரிவுகளைச் சீகை, தைலமரம், பைன் ஆகிய அயல்மரங்களும் தேயிலையும் மூடிவிட்டன. அம்மரநிழலிற் குறிஞ்சி வளராது. கேரள அரசினர் 2006 இல் இடுக்கி மாவட்டத்துக் கொட்டக்காம்பூர், வட்டவடைப் பகுதியிற் குறிஞ்சிமலைச் சரணாலயம் அமைத்தனர். 2024 இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தினர் நீலக்குறிஞ்சியை அழிவுக்கு இலக்காகத்தக்க இனங்களின் வரிசையிற் சேர்த்தனர்.

உ. வே. சாமிநாதையர் 1889 இற் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முயன்ற காலத்தில், குறிஞ்சிப்பாட்டு ஏடுகளிற் சில பூக்களின் பெயர்கள் இல்லாமற் போயிருந்தன. அவர் வருந்தித் தேடித் தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். அதனை "உதிர்ந்த மலர்கள்" என்னும் தலைப்பில் எழுதியும் வைத்தார். ஏட்டில் உதிர்ந்த பூவுக்கு மற்றோர் ஏடு இருந்தது. சரிவில் உதிர்ந்ததற்கு மற்றொரு சரிவு வேண்டும்.

எம் குறிப்பேட்டில் இதுகாறும் 31 பெயர்களுக்கு எதிரே நாளும் இடமும் எழுதப்பட்டுள்ளன. குறிஞ்சிக்கு எதிரே "இலை மட்டும்" என்று உள்ளது. 2030 ஆவணியில் யாம் எவரும் இக்கல்லூரியில் இரோம். 2006 இலோ 2018 இலோ பூவைக் கண்ட பழைய மாணவர் இருப்பின், தாம் கண்ட சரிவின் பெயரையும் அருகிலுள்ள ஊரையும் தமிழ்த்துறைக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகின்றோம். அக்குறிப்பேட்டை அடுத்த வகுப்பினரிடம் ஒப்படைத்துச் செல்வோம்.