ஹாஸ்டலுக்குப் போகும் தங்கைக்கு

நீ பெட்டி கட்டி முடிப்பதற்குள் சிலதைச் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. ஹாஸ்டல் வாசலில் கேமரா இருக்கும். கைரேகை வைத்தால்தான் அட்டெண்டன்ஸ் ஏறும். ராத்திரி வார்டன் ரோல்கால் எடுப்பார். அவுட்பாஸ் வாங்கினால் அப்பா போனுக்கு மெசேஜ் போகும். எல்லாவற்றோடும் சண்டைக்கு நிற்காதே. எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் செய்யாதே.

வாசல், வராண்டா, மெஸ் இங்கெல்லாம் கேமரா இருக்கட்டும். அறைக்குள்ளோ குளியலறைப் பக்கமோ இருந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காதே. பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி பெண்ணின் அந்தரங்கத்தை அப்படிப் படமெடுப்பது குற்றம். முதல் தடவைக்கே குறைந்தது 1 ஆண்டு சிறை. சந்தேகம் வந்தால் அதைக் கழற்றாதே, அது சாட்சி. இருக்கிற இடத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு, தோழியையும் கூட்டிக்கொண்டு வார்டனிடம் போ. மழுப்பினால் பெண்கள் உதவி எண் 181-க்கு அடி. படம் இணையத்தில் பரவினால் சைபர் குற்ற உதவி எண் 1930.

விதி அநியாயமாகப் பட்டால் எழுத்தில் கேள். கோழிக்கோடு பக்கம் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் மாலை 6 முதல் 10 வரை போன் கூடாது என்றார்கள். ஒத்துக்கொள்ளாத மாணவியை வெளியே அனுப்பினார்கள். அவள் கோர்ட்டுக்குப் போனாள். இணையம் பார்ப்பது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அவளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

அம்மா லொகேஷன் கேட்பாள். பயம்தான், வேறென்ன? ராத்திரிப் பயணம் என்றால் வாட்ஸ்அப்பில் 1 மணி நேரத்துக்கு லைவ் லொகேஷன் போடு. மற்ற நாளில் சாயங்காலம் ஒரே நேரத்தில் தவறாமல் போன் பண்ணு. பத்துத் தடவை கேட்பது தானாகக் குறையும். ஆனால் காதலிக்கிறேன் என்பவன் பாஸ்வேர்ட் கேட்டால் தராதே. வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியை வாராவாரம் பார். தெரியாத கருவி இருந்தால் உடனே லாக்அவுட் செய்.

இனி நான் அதிகம் கவலைப்படுகிற விஷயம்: யாராவது பார்த்தால்தான் ஒழுங்காக இருக்கிற பழக்கம். ஜெரமி பெந்தம் என்ற ஆங்கிலேயர் 1791-இல் ஒரு சிறைத் திட்டத்தை அச்சிட்டார். நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள். காவலர் இந்த நிமிஷம் பார்க்கிறாரா என்பது கைதிக்குத் தெரியாது. அதனால் எந்நேரமும் அடங்கியே இருப்பான். பள்ளிக்கூடமும் இப்படித்தான் நம்மைப் பழக்குகிறது என்று 1975-இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ எழுதினார். ஸ்டடி ஹவரில் வார்டனின் செருப்புச் சத்தம் கேட்டதும் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, தனியாக ரூம் எடுத்ததும் அவர்கள் திண்டாடுகிறார்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவது என்றுகூடத் தெரிவதில்லை.

அதனால் யாருக்கும் கணக்குக் காட்டாத ஒரு மணி நேரத்தை நீயே வைத்துக்கொள். விடிகாலையோ மதியமோ, உனக்கு ஒத்துவருகிற நேரம். போனை அலமாரியில் வைத்துப் பூட்டு. படிப்பதாக ஸ்டேட்டஸ் போடாதே. போட்டால் அதுவும் பிறர் பார்ப்பதற்காகச் செய்த வேலை ஆகிவிடும். என்ன படித்தாய் என்று ஒரு சின்ன நோட்டில் இரண்டு வரி எழுது, அது உனக்கு மட்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடர். தண்டனை எதுவும் வேண்டாம். வகுப்பு அட்டெண்டன்ஸ் கணக்கையும் நீயே குறித்து வை, ஆபீஸ் லிஸ்ட் ஒட்டுகிறவரை காத்திருக்காதே. ப்ராக்ஸி கேட்பவர்களுக்கு முதல் நாளே முடியாது என்று சொல்லிவிடு.

சேர்ந்த வாரத்திலேயே ஹாஸ்டல் விதிமுறையைக் கடைசிப் பக்கம் வரை படி. எதிலாவது கையெழுத்துக் கேட்டு, அது உனக்குப் புரியாவிட்டால், போடுவதற்கு முன் எனக்குப் போன் பண்ணு.